லண்டனில் என்ன அமைச்சர்?

ருமேனிய அரசியல்வாதி நிக்கொலாய் டிட்டுலெஸ்குவைத் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் 1922 முதல் ‘லண்டனில் ருமேனிய அமைச்சர்’ என்று எழுதிவிடுகிறார்கள். லண்டனில் அவர் எந்த இலாகாவைப் பார்த்தாராம்?

மூலச்சொல் மினிஸ்டர். லத்தீனில் ஊழியன் என்று பொருள்; மன்னனின் ஊழியன் மந்திரியாகவும் ஆகலாம், தூதனாகவும் போகலாம். 1815 வியன்னா மாநாடு வகுத்த தூதர் வரிசையில், முதல் படியான அம்பாசடருக்கு அடுத்த படி மினிஸ்டர். டிட்டுலெஸ்குவின் லண்டன் பட்டத்தில் ‘பிளெனிபொடென்ஷியரி’யும் உண்டு: முழு அதிகாரம் உடையவர்.

தமிழில் அமைச்சர் அப்படி இரு பக்கமும் போகாது. அது வடமொழி ‘அமாத்ய’ வழியா, ‘அமை’ வழியா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அரசன் அருகில் இருப்பவரே அமைச்சர். டிட்டுலெஸ்கு 1917-18, 1920-21-இல் நிதி அமைச்சர். 1927-28, 1932-36-இல் வெளியுறவு அமைச்சர். இடையில் 1922-27, 1928-32 லண்டன் தூதர். ‘லண்டன் அமைச்சர் 1927-இல் வெளியுறவு அமைச்சரானார்’ என்று எழுதினால் இலாகா மாற்றம் போல இருக்கிறது. தூதுவருக்குக் கட்டளையிடும் நாற்காலிக்கு ஒரு தூதுவரே வந்து அமர்ந்த கதை காணாமல் போகிறது.

‘முழு அதிகார அமைச்சர்’ என்பது இன்னும் மோசம். கேட்பவர் பிரதமருக்கும் மேலே என்று நினைப்பார். ‘முழு அதிகாரத் தூதர்’ போதும். அதுவும் அம்பாசடரை விடப் பெரியவர் போல ஒலிக்கும் என்பதால், முதல் தடவை மட்டும் ‘தூதர் வரிசையில் இரண்டாம் படி’ என்று சேர்த்துவிட்டு, பிறகு வெறும் ‘தூதர்’ என்றே எழுதலாம்.

திருக்குறள் உரையில் பரிமேலழகர் தூதரைத் ‘தான் வகுத்துக் கூறுவான்’, ‘கூறியது கூறுவான்’ என இரண்டாகப் பிரித்து, முதலில் சொன்னவனை அமைச்சனோடு ஒப்பிடுகிறார். ஒப்பிட்டாரே தவிர, அமைச்சன் என்று பெயர் மாற்றவில்லை. திருக்குறளில் தூது அமைச்சியலில்தானே வருகிறது என்பவர்களுக்கும் இதே பதில்.

இன்னொரு குழி: முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியோடு 1920 ஜூன் 4 அன்று செய்த திரியானோன் ஒப்பந்தத்தில் ருமேனியாவுக்காக டிட்டுலெஸ்குவும் கண்டகுசினோவும் ‘பிளெனிபொடென்ஷியரி’ என்றே கையெழுத்திட்டார்கள். அங்கே அது தூதர் படி கிடையாது. அந்த ஒப்பந்தத்துக்காகக் கொடுத்த அதிகாரம். ‘முழு அதிகாரப் பேராளர்’ என்க.

லண்டன் பட்டத்தின் முன்னொட்டான ‘என்வாய் எக்ஸ்ட்ராஆர்டினரி’யை ‘அசாதாரணத் தூதர்’ ஆக்குகிறவர்களை என்ன செய்வது? நிரந்தரமாகத் தங்காமல் தனிப் பணிக்கு வந்தவர் என்பது அதன் பழம்பொருள். பிறகு வெறும் மரியாதை அடைமொழி. விட்டுவிடலாம். ‘சிறப்புத் தூதர்’ என்றும் மாற்ற வேண்டாம். அது இன்று வேறு வேலை.