தென்னம்பிள்ளைக்கு எத்தனை வாளி தண்ணீர்?

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்ட தென்னம்பிள்ளை மாசி வரை தளதளவென்று நிற்கும். வைகாசி கழிந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் கீழோலை காயும். நாள்தோறும் ஒரு வாளி ஊற்றியும் பிள்ளை பட்டுப்போனதே என்று மனம் நோகிறவர்கள் பலர். ஊற்றிய தண்ணீர் வேர் மட்டத்துக்கு இறங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அடித்தண்டிலிருந்து கயிறு போன்ற வேர்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். அவற்றில் வேர்த்தூவியும் கிடையாது. நுனியை அடுத்த இளம் பகுதிதான் நீரை உறிஞ்சும். தேங்காய்க்குள் முளையோடு வளரும் பஞ்சுபோன்ற உருண்டையான பூரான், பருப்பைக் கரைத்துச் சில மாதங்களுக்குப் பிள்ளைக்குச் சோறு போடும். தண்ணீருக்கு அந்த நாலைந்து வேர்தான் கதி.

இனிக் கணக்குக்கு வருவோம். 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழியின் கொள்ளளவு சுமார் 765 லீற்றர். மணல் பிடித்துவைத்துப் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் கனஅளவில் 6 சதவீதம் என்று வைத்தால், குழியில் தங்குவது 45 லீற்றர் அளவுதான். 10 லீற்றர் வாளி ஒன்றைக் குழிப்பரப்பில் ஊற்றினால் மேல் ஒரு சாண் மட்டுமே நனையும். வெயிலும் கச்சானும் அதில் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். 100 லீற்றர் ஊற்றினாலோ பாதிக்கு மேல் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதனால்தான் மணல் நிலத்தில் 4 நாளுக்கொரு முறை 45 லீற்றர் என்ற அளவு பொருந்துகிறது. முதல் 2 கோடைக்கும் இதைத் தவறவிடக்கூடாது. மாலையில், மெதுவாக ஊற்றுங்கள்.

போதுமா என்று பார்க்க, மறுநாள் காலை பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி முழங்கை ஆழம் தோண்டி ஒரு பிடி மணலை அள்ளி இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரல் பட்டதும் உடைந்தால் சரி. விரலிடுக்கால் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் அங்கே எட்டவில்லை.

நடும்போதே செய்யவேண்டியது, குழியின் அடியில் பொச்சுமட்டையை உட்குழி மேல்நோக்க இரண்டு அடுக்காகப் பரப்பி, இடையில் மணல் தூவுவது. மட்டையின் நாருக்கிடையே உள்ள பொச்சுச்சோறு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, நில மட்டத்துக்கு ஓரடி கீழே நடுங்கள். தேங்காய் மூடினால் போதும். ஓலை விரியும் கழுத்துக்குள் மணல் விழக்கூடாது. தென்னைக்கு உள்ளது ஒரே குருத்து, அது அழுகினால் பக்கத்தில் இன்னொன்று துளிர்க்காது. மழைக்குப் பிறகு கழுத்தில் சேர்ந்த மணலைக் கையால் விலக்கிவிடுங்கள்.

கச்சான் வரும் தென்மேற்குப் பக்கம் கிடுகு சாத்துவது ஒரு வாளி தண்ணீருக்குச் சமம் என்றே சொல்லலாம்; காற்று குறைந்தால் ஓலை இழக்கும் நீரும் குறையும். அடியில் காய்ந்த ஓலை பரப்பலாம், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. கறையான் அந்த வழியாகத்தான் ஏறும்.

கோடையில் கிணற்று நீர் உவர்ப்பேறினால் சிறிது சிறிதாக ஊற்றாதீர்கள். நீர் ஆவியாக, உப்பு வேரடியில் தங்கும். நிறைய ஊற்றினால் உப்பும் கீழே கழுவப்படும். வாடுகிற பிள்ளைக்கு உரம் போடவே வேண்டாம், அதுவும் உப்புத்தான்.

கீழோலை மட்டும் காய்ந்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். குருத்தை மெல்ல இழுக்கும்போது கையோடு வந்தால் அழுகல். அதற்குத் தண்ணீர் மருந்தல்ல.