ஜென்ஷன் வயலட் பாட்டிலும் ஆய்வகத் தட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீட்டு மருந்துப் பெட்டியில் ஊதா மருந்து பாட்டில் ஒன்று கிடக்கும். ஜென்ஷன் வயலட். குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தால் ஆயா பஞ்சில் நனைத்துத் தடவிவிடுவார். "இதுவும் சாயம்தானே, அப்போ துணிச் சாயமும் கிருமியைக் கொல்லுமா?" என்று இங்கே சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

சில சாயங்கள் கொல்லும். 1884இல் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர் பாக்டீரியாவுக்கு நிறமேற்றியது இந்த ஊதாவால்தான். அந்த ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கிராம் பாசிட்டிவ் வகைகளின் வளர்ச்சியை இது தடுக்கிறது என்று 1912இல் சர்ச்மேன் என்ற ஆய்வாளர் எழுதினார். ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியா தன் வெளிச்சவ்வின் தயவில் பெரும்பாலும் தப்பிவிடும். எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் மெக்கான்கி அகார் என்ற கூழில் இந்தச் சாயத்தைச் சேர்ப்பதே அந்த வேறுபாட்டை நம்பித்தான்.

சோதனையில்தான் சிக்கல். முல்லர்-ஹின்டன் அகார் என்ற இன்னொரு கூழ்த் தட்டில் கிருமியைப் பூசி, சாயம் ஊறிய வட்டு வைத்து, 35 டிகிரியில் இரவு முழுக்க விடுகிறோம். மறுநாள் வட்டைச் சுற்றி வளையம் தெரியும். ஆனால் சாயம் பரவிய எல்லை வேறு, கிருமி வளராத எல்லை வேறு. புதிதாக வரும் பிள்ளைகள் நிறத்தை அளந்துவிட்டு "இருபது மில்லிமீட்டர்!" என்று குதிப்பார்கள். தட்டைக் கவிழ்த்து, கறுப்புத் துணிமேல் சாய்த்துப் பிடித்தால், நிறத்துக்குள்ளேயே மெல்லிய படலமாகக் கிருமி வளர்ந்திருப்பது தெரியும்.

அதனால் 96 குழித் தட்டில் சாயத்தைப் படிப்படியாகப் பாதிப் பாதியாக நீர்த்துப் பார்க்கிறோம். அங்கேயும் அடர் நிறம் கிருமி வளர்ந்த கலங்கலை மறைக்கும். 600 நானோமீட்டர் ஒளியில் கருவி கலங்கலை அளப்பதில் கிருமி எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் தேய்த்து, வளர்கிறதா என்று பார்ப்பதே எனக்குத் திருப்தி. கொல்வது சாயமா, அதைக் கரைத்த திரவமா என்று அறிய, கரைப்பான் மட்டும் போட்ட குழியும் வேண்டும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் என்றால் இருட்டில் ஒரு தட்டு, வெளிச்சத்தில் ஒரு தட்டு. ஒளி பட்டால்தான் அது வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கும்.

தட்டு நேர் எதிராகவும் பொய் சொல்லும். டோமாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் சோதித்த பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயம் சோதனைக் குழாயில் ஒன்றும் செய்யவில்லை, எலியைக் காப்பாற்றியது. உடலுக்குள் உடைந்து வந்த நிறமற்ற சல்ஃபானிலமைடுதான் மருந்து என்று 1935இல் பாரிஸில் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே துணிச் சாயப் பொட்டலத்தைக் காவடி அலகுக் காயத்தில் வைக்காதீர்கள். அதன் தூய்மையை மருந்துக்குப் பார்ப்பதுபோல் யாரும் பார்ப்பதில்லை. நம் செல்லுக்கு என்ன செய்யும் என்பது தனிச் சோதனை. ஜென்ஷன் வயலட்டே அடர்த்தி கூடினால் வாயைப் புண்ணாக்கும், திறந்த காயத்தில் பச்சை குத்தியதுபோல் நிற்கும். புற்றுநோய் அபாயம் காரணமாக 2019இல் கனடா சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது. குழந்தைக்கு வெள்ளை படிந்தால் கிளினிக்கில் பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கேளுங்கள். பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுங்கள்.