ரிம் முந்தும், டயர் பிந்தும்

டிராக் ரேஸ் (drag race) என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் ஓடி, சில விநாடிகளில் முடிந்துவிடும் பந்தயம். அந்தக் கார்களின் பின்சக்கரத்தில் சில சமயம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். டயரின் பக்கச்சுவரில் தொடங்கி, ரிம்மின் விளிம்பைத் தாண்டி, ஒரே நேர்கோடாக பெயின்ட்டில் இழுத்திருப்பார்கள். ஓட்டம் முடிந்து கார் திரும்பி வந்ததும் மெக்கானிக் குனிந்து பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். கோடு அப்படியே இருந்தால் நல்லது. ரிம்மில் இருக்கும் பாதி ஒரு இடத்திலும் டயரில் இருக்கும் பாதி நாலு விரல்கடை தள்ளியும் நின்றால், ஓடிய அந்தச் சில விநாடிகளில் டயருக்குள்ளேயே ரிம் வழுக்கிச் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

டயர் தரையில் வழுக்குவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டயர் ரிம்மின் மேலேயே வழுக்கும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சைக்கிளில் காற்று குறைவாக இருக்கும்போது வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டயர் ரிம்மில் நகர்ந்து, உள்ளே இருக்கும் ட்யூபையும் கூடவே இழுத்துக்கொண்டு போனதால் வரும் சாய்வு அது. டிராக் ரேஸ் காரில் நடப்பதும் இதேதான். விசை மட்டும் பல மடங்கு.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.2 மடங்கு முடுக்கத்தோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பின்டயர்கள் இரண்டும் சேர்ந்து தரையை ஏறத்தாழ 1,800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னால் தள்ள வேண்டும். டயருக்கு 900 கிலோ. இது டயரின் வெளிவிளிம்பில், தரையைத் தொடும் இடத்தில் உள்ள விசை. டயரின் விட்டம் 28 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்றால், அதே முறுக்குவிசை உள்ளே ரிம்மைத் தொடும் இடத்துக்கு வரும்போது ஆரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. ஆரம் குறைந்தால் விசை கூட வேண்டும். அந்த 900 கிலோ அங்கே 1,700 கிலோ அளவுக்கு ஏறிவிடுகிறது. தரைக்கும் டயருக்கும் இடையில் இருக்கும் பிடியைவிட, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் இருக்கும் பிடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வலுவாக இருந்தாக வேண்டும்.

டிராக் ரேஸின் மிக வேகமான வகையான டாப் ஃப்யூயல் கார்களில் இந்தக் கணக்கு மிரள வைக்கும். 11,000 குதிரைத்திறனைத் தாண்டும் எஞ்சின், சுமார் 36 அங்குல டயர், 16 அங்குல ரிம். புவியீர்ப்பைப் போல 4 மடங்கு முடுக்கம் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு ரிம்மிலும் டயரைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை 4,500 கிலோவைத் தாண்டுகிறது.

சரி, டயரை ரிம்மில் பிடித்து வைத்திருப்பது எது? டயரின் உள்விளிம்பில் தடித்த ஒரு வளையம் ஓடும். அதற்கு பீட் என்று பெயர். அதற்குள் எஃகுக் கம்பிகளைச் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பிகள் நீளாது. டயரை மாட்டும்போது பீட் ரிம்மின் சரிவான இருக்கையில் இறுக்கமாக ஏறி உட்காருகிறது. அப்புறம் காற்றடிக்கும்போது, உள்ளே உள்ள அழுத்தம் இரண்டு பீட்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளி ரிம்மின் விளிம்புச் சுவரோடு அழுத்திவைக்கிறது. இந்த இரண்டு அழுத்தங்களும் சேர்ந்து தரும் உராய்வுதான் பிடி. ஆணி இல்லை, பல்சக்கரம் இல்லை, வெறும் உராய்வு. சாதாரணக் காரில் 30 பிஎஸ்ஐ காற்று இருக்கும்வரை இது தாராளமாகப் போதும்.

டிராக் ரேஸில் இடிப்பது இந்த இடத்தில்தான். பின்டயர்களில் காற்றை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். டாப் ஃப்யூயலில் 7 பிஎஸ்ஐ-யை ஒட்டி, மற்ற வகைகளில் அதற்குச் சற்று மேலே. காற்று குறைந்தால் டயர் தரையில் பரந்து படுகிறது. பக்கச்சுவர் தளர்வாக இருப்பதால், கார் கிளம்பும் நொடியில் ரிம் முதலில் திரும்ப, சுவர் மடிப்பு மடிப்பாக முறுக்கிக்கொண்டு அதன் பின்னால் வருகிறது. ஸ்லோ மோஷன் வீடியோக்களில் இது அழகாகத் தெரியும்: கீழ்ப்பகுதி தரையோடு ஒட்டி நிற்க, நடுவே ரப்பர் துணிபோல் சுருங்குகிறது. எஞ்சினின் முதல் அடியை அந்த மடிப்புகள் வாங்கிக்கொள்வதால் டயர் தரையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு சுழலாமல் இருக்கிறது. இந்த முறுக்கல் தேவையானது. வில் போல மீண்டுவிடும். ரிம்மில் நடக்கும் வழுக்கல் மீளாது.

ஆக, தரையில் பிடி வேண்டுமென்று காற்றைக் குறைத்தால் ரிம்மில் பிடி குறைகிறது. 30-லிருந்து 10 பிஎஸ்ஐ-க்கு வந்தால் காற்று பீட்டை அழுத்தும் விசை மூன்றில் ஒன்றாகிவிடும். சுருங்கி முடிந்த பக்கச்சுவர் இனிமேல் சுருங்க இடமில்லை என்று விறைக்கும் அந்தக் கணத்தில் மொத்த இழுப்பும் பீட்டின் மேல்தான் விழுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தரை வழுக்கலாக இருக்கும்வரை இந்தக் கோளாறு தலைகாட்டாது. டயர் தரையில் சுழன்றுவிட்டால் பீட்டுக்கு வரும் முறுக்குவிசை அதோடு நின்றுவிடும். நல்ல டயர் மாட்டி, சஸ்பென்ஷனைச் சரிசெய்து, பசைபோட்ட ஓடுதளத்தில் கார் கச்சிதமாகப் பிடித்துக் கிளம்பத் தொடங்கிய பிறகுதான் ரிம் வழுக்க ஆரம்பிக்கும். ஒரு பிரச்சினையை வென்ற பிறகு அடுத்தது தெரிகிறது. டிராக் ரேஸுக்கு வெளியேயும் இப்படி நடந்திருக்கிறது. ஷெவர்லே நிறுவனம் 2014-ஆம் ஆண்டு மாடல் கமேரோ ஸீ/28 காரைச் சோதித்தபோது, பிரெல்லி டயர்களின் பிடி அவ்வளவு வலுவாக இருந்ததால் சக்கரங்கள் டயருக்குள்ளேயே சுழன்றன. ரிம்மின் பரப்பில் துகள்களை வேகமாக வீசிச் சொரசொரப்பாக்கித்தான் பொறியாளர்கள் அதைச் சரிசெய்தார்கள்.

வழுக்கினால் என்ன குடிமுழுகிவிடும்? முதலில் பாதிக்கப்படுவது பேலன்ஸ். டயரும் ரிம்மும் எந்த நிலையில் பொருந்தியிருந்தனவோ, அந்த நிலைக்குத்தான் எடைக்கட்டிகளை ஒட்டியிருப்பார்கள். டயர் நகர்ந்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். ரிம்மின் ஓரத்தில் 50 கிராம் மட்டும் சமன் தவறினாலும், 28 அங்குல டயரில் 300 கிமீ வேகத்தில் அது 50 கிலோவுக்கும் மேற்பட்ட விசையாக மாறி, ஒரு விநாடிக்கு 35 தடவைக்கு மேல் அச்சை உலுக்கும். ட்யூப் போட்டிருந்தால் வால்வு ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்க, ட்யூப் டயரோடு போகப் பார்க்கும். வால்வின் அடி கிழிந்து மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஏனென்றால் அது கிழியும்போது கார் எந்த வேகத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தீர்வுகளில் முதலாவதற்குச் செலவே இல்லை. டயரை மாட்டும்போது பீட் வழுக்கி ஏறுவதற்காகச் சோப்புக் கரைசல் தடவுவது வழக்கம். அந்தப் பூச்சு உள்ளே ஈரமாகவே இருந்தால் அதுவே எதிரி. கூடியவரை வெறும் தண்ணீர் போதும், அதுவும் முழுக்கக் காயும்வரை காரை ஓட்டக் கூடாது. ரிம்மின் இருக்கையில் பழைய ரப்பர் பிசிறும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைக்க வேண்டும். பளபளப்பான பெயின்ட் பூச்சும் அங்கே இருக்கக் கூடாது. பீட்டுக்குப் பசை தடவுகிறவர்களும் உண்டு. பிடிக்கும்தான், ஆனால் டயரைக் கழற்றும்போது ரிம்மைச் சுரண்டியே ஓய்ந்துபோவார்கள். இருக்கையில் நுண்ணிய பள்ளமேடுகளைப் பதித்தே விற்கப்படும் ரிம்களும் இருக்கின்றன.

அடுத்தது ஸ்குரூ. டிராக் ரேஸ்காரர்கள் பல காலமாக நம்பும் வழி. ரிம்மின் விளிம்புச் சுவரில் சுற்றிலும் சம இடைவெளியில் துளைகள் போட்டு, வெளியிலிருந்து குட்டையான ஸ்குரூக்களை முறுக்குவார்கள். அவற்றின் முனை பீட்டின் பக்கவாட்டு ரப்பரில் கடித்து உட்காரும். அதோடு, உராய்வை மட்டும் நம்பியிருந்த இடத்தில் உலோகம் ரப்பரைக் குத்திப் பிடிக்கத் தொடங்குகிறது. காற்றின் அழுத்தம் குறைந்தாலும் இந்தப் பிடி குறையாது. இதன் மொத்த மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது நீளம். முனை ரப்பரைக் கடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளைத் தொடக் கூடாது. கம்பி காயப்பட்டால் டயரின் உயிரே போயிற்று. அதனால் துளைபோடும்போது டிரில் பிட்டில் ஒரு தடுப்பு வைத்து, ஆழம் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஒரு பீட் நிற்க, மற்றது நகரப் பார்த்து டயர் கோணலாக முறுக்கப்படும் என்பதால் இரண்டு பக்கமும் போடுவது நல்லது. டயர் மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முறுக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதில் சலிப்பான வேலை.

இதையும் தாண்டிய வலிமை வேண்டுமென்றால் பீட்லாக். இந்த ரிம்மில் வெளிவிளிம்பு தனி வளையமாக இருக்கும். பீட்டை ரிம்மின் முகப்பில் வைத்து, மேலே வளையத்தை வைத்து, சுற்றிலும் போல்ட்டுகளால் இறுக்குவார்கள். பீட் இரண்டு உலோகங்களுக்கு நடுவே நசுங்கி நிற்கும். இங்கே அழுத்தத்தைத் தருவது போல்ட்டுகள்தான் என்பதால் டயரில் காற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் நகராது. எடை கூடும், விலையும் கூடும். அதனால் வெளிப்பக்கம் மட்டும் பீட்லாக் போட்டு உள்பக்கத்தை ஸ்குரூவிடம் விடுவோர் உண்டு. மிக வேகமான கார்களுக்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள்.

பீட்லாக்கின் போல்ட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினால் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரில் உள்ளதற்குப் போக வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றுகளில். ரப்பர் நசுங்கி அடங்க நேரமாகும் என்பதால் சொன்ன அளவுக்கு இறுக்கிய போல்ட்டுகூட மறுநாள் தளர்ந்திருக்கும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை (torque wrench) எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று வருவதைத் தவிர்க்கக் கூடாது.