உப்புக் கிண்ணமும் உரியும் சுவரும்

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அக்கா ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். அப்பா விட்டுப்போன வரிசை வீடு, ஜப்பான்காரன் காலத்துக்கும் முந்தியது, இப்போது விற்றுவிடலாம் என்று உடன்பிறந்தவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். ஆட்கள் வீடு பார்க்க வருவதற்கு முன், "கீழ்ச் சுவர் கறை கறையாக இருக்கிறது, ஒரு கோட் சாயம் அடித்துவிடுங்கள்" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அடித்தார்கள். பளிச்சென்றுதான் இருந்ததாம், மூன்று வாரம். நாலாவது வாரம் இடுப்புக்குக் கீழே சாயம் அப்பளம் மாதிரிப் பொரிந்து, விரல் பட்டால் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ பூத்திருக்கிறது. "இது பூஞ்சையா தம்பி, இல்லை பக்கத்து வீட்டம்மா சொல்கிற மாதிரி யாராவது கண் வைத்துவிட்டார்களா?" என்பது அக்காவின் கேள்வி.

கண்ணுக்கு அப்புறம் வருகிறேன். பூஞ்சையா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்: கரைந்து காணாமல் போனால் உப்பு, கரையாமல் நனைந்து படுத்துக்கொண்டால் பூஞ்சை. சில வருடங்களுக்கு முன் என் வீட்டுச் சுவரில் இதே வெள்ளையை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம்.

அக்கா வீட்டிலும் கரைந்தது. ஆக, உப்பு.

இந்த உப்பைச் சுமந்து வருவது மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர். அது சுவரில் ஏறுவது பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம்தான், மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் தானாக மேலே போவது. குழாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு உயரம். ஆரம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர், நூறில் ஒன்று என்றால் ஒன்றரை மீட்டர். செங்கல்லில் அதைவிடப் பொடித் துளைகள் ஏராளம், கணக்குப்படி தண்ணீர் மாடிக்கே போய்ச் சேர வேண்டும். போவதில்லை, ஏனென்றால் ஏறும் வழியெல்லாம் சுவரின் முகத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில், பெரும்பாலும் ஒரு மீட்டர் வாக்கில், கோடு கிழித்த மாதிரி நின்றுவிடுகிறது. இப்போது கட்டும் வீடுகளில் அடிச்சுவரிலேயே ஈரத்தடுப்புப் படலம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அது இல்லை.

தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அது சுமந்து வந்த உப்பு போகாது. மண்ணில் இருந்த உப்பு, கடற்காற்று கொண்டுவந்த உப்பு, கலவை மணலில் இருந்தது, சிமெண்டில் இருந்தது, பின்சந்தில் வாளிக் கழிப்பறை இருந்த காலத்தில் மண்ணில் ஊறிய நைட்ரேட்டு, எல்லாம் வருடக்கணக்கில் அந்த ஒரு மீட்டர் பட்டைக்குள் வந்து குடியேறுகின்றன.

சரி, இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

நாம் சாப்பிடும் உப்புக்கு ஒரு எண் உண்டு: 75. காற்றின் ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பது) 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகிவிடும். சமையலறை உப்பு ஜாடி மழை நாளில் நசநசத்துப் போவதும், அம்மா அதில் நாலு அரிசி போட்டு வைப்பதும் இதனால்தான். இப்போது பினாங்கை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்க ஈரப்பதம் 75க்கு மேலே, விடியற்காலையில் 90ஐயும் தொடும். மழையில்லாத நாளில் பிற்பகல் வெயிலில் அறுபதுகளுக்கு இறங்கும். அதாவது 75 என்ற கோட்டை நம் ஊர்க் காற்று ஒரே நாளில் இரண்டு முறை தாண்டுகிறது! கீழிருந்து புதுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வர வேண்டாம். ஏற்கெனவே சுவரில் இருக்கும் உப்பு இரவில் கரைந்து, பகலில் படிகமாகி, மறுபடி இரவில் கரைந்து, இரண்டு ஷிப்டு வேலை பார்க்கும்.

படிகமானால் என்ன, துளைக்குள் வளர்ந்து சுவரை முட்டியதும் நின்றுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அது புரியவில்லை. நிற்காது. படிகத்தின் முகத்துக்கும் துளையின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் தங்கிவிடுகிறது, தடிமன் சில நானோமீட்டர்தான். உப்பின் பரப்பும் கல்லின் பரப்பும் ஒன்றையொன்று விலக்குவதால் அந்தப் படலம் நசுங்கிப் போவதில்லை. அதன் வழியாகக் கரைந்த உப்பு உள்ளே வந்து, முட்டிக்கொண்டிருக்கும் அந்த முகத்திலேயே அடுக்கடுக்காக ஒட்டுகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் சுவரோரமாக ஒட்டி நிற்கிறவருக்கும் சுவருக்கும் நடுவே இன்னொருவர் எப்படியோ நுழைவாரே, அந்த மாதிரி. நுழைய நுழைய ஏதாவது ஒரு பக்கம் விலகித்தானே ஆக வேண்டும். காரையும் செங்கல்லும் மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், உள்ளிருந்து விரித்தால் தாங்காது. பொடியாக உதிர்கின்றன.

படிகம் எங்கே உண்டாகிறது என்பதில்தான் சாயம் அடித்த கதை மாட்டுகிறது. தண்ணீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில்தான் உப்பு சேரும். சுவர் திறந்திருந்தால், ஈரம் மேல்முகம் வரை வந்து ஆவியாகும், உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் கூட்டித் தள்ளலாம். பார்க்க அசிங்கம், சுவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. அதன்மேல் அக்ரிலிக் சாயம் அடித்தால், அந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், உப்பை விடாது. ஆவியாகும் இடம் சாயத்துக்குப் பின்னால் நகர்கிறது. அப்புறம் அப்பளம்தான். சிமெண்ட் பூச்சு இன்னும் மோசம்: முகம் அடைபட்டதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, ஒரு மீட்டர் கோடு ஒன்றரை மீட்டராகும்.

பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசியதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரிக்குச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, பூசினால் அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. ஆனால் துளை உள்ள கல், செங்கல்லைவிட மெத்தென்றது. உப்பு வந்தால் காரை உதிரும், செங்கல் தப்பிக்கும். செட்டிநாட்டுக்காரர்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்களைப் பற்றிப் பெருமை பேசுகிறோமே, வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வெள்ளையடித்தோமே, அதில் பாதி அழகுக்கு, பாதி இதற்கு. இன்றைக்கு ஹார்ட்வேர் கடையில் சுண்ணாம்புக் காரை கேட்டால் வெற்றிலைக்கா என்று கேட்கிறார்கள்.

இங்கே ஒரு ஆதங்கம். ஈரச் சுவர் பற்றிய பாடங்களில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காக எழுதியது, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டை உலர்த்துகிறவர்களின் கணக்கு. ஒரே நாளில் இருமுறை 75ஐத் தாண்டும் ஊரின் கணக்கை நாம்தான் போட வேண்டும். ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதற்கு விழா எடுத்தாயிற்று. அந்தச் சுவர்களில் வருடம் முழுக்க உப்பை அளந்து எழுதி வைக்க நாலு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது சுவரோவியத்துக்கு முன்னால் செல்ஃபி எடுப்பதைவிட மலிவாக முடியும் என்று நினைக்கிறேன்.

அக்கா வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை நேரில் போனேன். உப்பைத் துரத்துவதற்கு முன் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். சாயம் உதிர்ந்த இடத்தில் இரண்டு துண்டு அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினோம். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் வேலை. முன்னறைத் தாள் உள்ளே லேசாகத்தான் வியர்த்தது. சமையலறைத் தாளுக்குப் பின்னால் குளித்துவிட்டு வந்த மாதிரி! வெளியே போய்ப் பார்த்தால், பின்சந்துப் பக்கம் ஒவ்வொரு தடவையும் மேலே மேலே சிமெண்ட் போட்டு வெளித்தரை உள்தரையைவிட நாலு விரல் உயர்ந்துவிட்டது, போதாததற்கு ஏர்கோன் தண்ணீர்க் குழாய் நேரே சுவரடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

குழாயை வடிகாலுக்குத் திருப்பியாயிற்று, 12 வெள்ளி. சிமெண்டைச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு உடைத்து ஜல்லி போடச் சொல்லியிருக்கிறேன். அக்ரிலிக் சாயத்தை, முகமூடி போட்டு, சுவரை லேசாக நனைத்துச் சுரண்ட வேண்டும். அதற்கப்புறம் பூக்கிற உப்பைக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, அள்ளி, குப்பையில் போட வேண்டும். உப்பு மிக அதிகமான இடத்தில் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவருக்குப் பற்றுப் போடலாம், வீக்கத்துக்குப் போடுகிற மாதிரியே. காயும்போது உப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், பிய்த்து எறியலாம். முழுதாக உலர ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு, ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம், நம் ஊரில் இன்னும் கூடும்.

அவ்வளவு நாள் யார் காத்திருப்பார்கள், வீட்டை விற்க வேண்டுமே என்றார் அக்கா. நியாயம்தான். என் யோசனை, சுரண்டிய சுவரை அப்படியே காட்டி, குழாயைத் திருப்பிய படத்தையும் கையில் வைத்துக்கொண்டு விற்பது. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புது வீட்டுக்கு 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு (அதற்குள் தெரியும் குறையை அவரே சரிசெய்து தர வேண்டும்), கைமாறும் பழைய வீட்டுக்கு அது கிடையாது, அதனால் விவரம் தெரிந்த ஆள் உள்ளே வந்ததும் முதலில் இடுப்புக்குக் கீழேதான் உள்ளங்கையை வைப்பார். புதுச் சாயத்தைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் கூடும். நீங்கள் வாங்குகிற பக்கம் இருந்தால், பிப்ரவரிப் பிற்பகல் மூன்று மணிக்கு வீடு பார்க்கக் கூப்பிட்டால் போகாதீர்கள், அக்டோபரில் மழை விட்ட காலையில் எட்டு மணிக்குப் போங்கள்.

கண் திருஷ்டி பாக்கி இருக்கிறது. சமையலறை மூலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கல் உப்பு வைத்திருந்தார்கள், பக்கத்து வீட்டம்மா சொல்லி. காலையில் பார்த்தால் உப்பு நீர்த்துக் கிடக்கிறதாம், வீட்டில் இருக்கும் கெட்டதை எல்லாம் அது உறிஞ்சுகிறதாம். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும், அது 33 விழுக்காட்டிலேயே தண்ணீர் இழுக்கிற பேர்வழி, அதனால் அந்தக் கிண்ணம் 75க்கு முன்னாடியே நனையத் தொடங்கும் என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார், தேநீர் கொடுத்தார், கிண்ணத்தை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இருக்கட்டும் என்றேன். காலையில் அது நனைந்திருந்தால் அன்றைக்குச் சுரண்ட வேண்டாம், காய்ந்திருக்கும் பிற்பகலில் பிரஷ்ஷை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.