பாலே காலணியின் இளஞ்சிவப்பு யாருடைய நிறம்?

மேற்கத்திய நடனமான பாலேவில் உடல்வாகைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘லைன்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை கால் அறுபடாத ஒரே கோடாகத் தெரிய வேண்டும். பயிற்சியும் எலும்பமைப்பும் இதற்குத் தேவைதான். ஆனால் நிறம் செய்யும் வேலையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

ஒரே நிறத்தில் அடுத்தடுத்து இருப்பவற்றை நம் கண் ஒரே பொருளாகச் சேர்த்துக்கொள்ளும். நிறம் சட்டென்று மாறினால், அங்கே அது முடிந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் தோலுக்கு நெருக்கமான இளஞ்சிவப்பில், காலை ஒட்டி அணியும் டைட்ஸும் பளபளப்பான சாட்டின் துணிக் காலணியும் இருந்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதமும் சேர்ந்து கால் இன்னும் நீளமாகத் தெரியும். அதையே ஒரு கறுப்பினப் பெண் அணிந்தால் கையும் கழுத்தும் ஒரு நிறம், கால் வேறு நிறம். உடல் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. டைட்ஸை மட்டும் மாற்றினால் கோடு கணுக்காலில் நின்றுவிடும். குறை உடையில் இருக்க, ‘இந்த உடம்புக்கு பாலே ஒத்துவராது’ என்று பழியை உடல்மேல் போட்டார்கள். எத்தனை பேரை இது வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

நியூயார்க் சிட்டி பாலே குழுவில் 1955-ல் சேர்ந்து பெயர்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஆர்தர் மிட்செல், 1969-ல் கேரல் ஷூக்குடன் சேர்ந்து ‘டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்’ குழுவைத் தொடங்கினார். 1970-களில் அங்கே ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் ஏற்ப டைட்ஸுக்கும் காலணிக்கும் நிறம் ஏற்றினார்கள். அறுபட்ட கோடு மறுபடி சேர்ந்தது.

காலணிதான் பெரிய பாடு. விரல்நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூவின் முனை, துணியும் காகிதமும் பசையுமாக அடுக்கி இறுக வைத்தது. வெளியே தெரிவது சாட்டின் மட்டும். அதன்மேல் தன் தோல் நிறத்துப் பவுண்டேஷன் ஒப்பனைப் பூச்சை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். ஈரம் ஊறினால் முனை இளகிவிடும். நாடாவையும் விடாமல் பூசி, காயவைக்க வேண்டும். இதற்கு ‘பான்கேக்கிங்’ என்று பெயர். பெரிய வேடம் என்றால் ஒரு ஜோடி ஒரே இரவில் தேய்ந்துபோகும். அடுத்த ஜோடிக்கு எல்லாம் முதலிலிருந்து. பணமும் நேரமும் ஆடுபவருடையது. லண்டனில் 1929-ல் தொடங்கிய ஃப்ரீட் காலணி நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களின் ‘பாலே பிளாக்’ குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறங்களில் பாயின்ட் ஷூ கொண்டுவந்தது 2018-ல்தான்.

அதே 2018-ல் பெர்லின் ஸ்டாட்ஸ்பாலே குழுவில் சேர்ந்தவர் கறுப்பினக் கலைஞர் க்ளோயி லோபெஸ் கோம்ஸ். ‘ஸ்வான் லேக்’ என்ற பாலேவில் அன்னங்களில் ஒருத்தியாக ஆட, தோலை வெளுப்பாகக் காட்டும் பூச்சைப் பூசச் சொன்னார்கள் என்று 2020-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். கூட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இதற்கெல்லாம் சொல்லப்படும் காரணம். பார்வை உளவியல் இந்தக் காரணத்தைத் தாங்கிப்பிடிக்கவில்லை. சேர்ந்து அசைபவற்றையும் கண் ஒரே கூட்டமாகத்தான் பார்க்கும். இருபத்துநான்கு பேர் ஒரே தாளத்தில் கை தூக்கினால், நிறம் வேறுபட்டாலும் அது ஒரே கூட்டம்தான். 2021-ல் அந்தக் குழு அவருக்கு இழப்பீடு கொடுத்து, ஒப்பந்தத்தையும் ஓராண்டு நீட்டித்தது.