தக்காளியை வேக வையுங்கள், மாத்திரையைத் தள்ளி வையுங்கள்

சில மாதங்களுக்கு முன் அறுபது வயதைத் தொட்ட ஒருவர் உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். தக்காளியில் இருக்கும் லைகோபீன் என்ற நிறமியின் மாத்திரை. அவருடைய அப்பாவுக்கு, ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்ததாம். தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஆறு மாதமாக விழுங்கி வருகிறார். போதாததற்குக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தக்காளியை அப்படியே கடித்துச் சாப்பிடுகிறார். "வேக வைத்தால் சத்து போய்விடும் இல்லையா மேடம்?" என்றார். அவர் வந்த காரணமே நெஞ்செரிச்சல்தான்.

வேக வைத்தால் போய்விடுவது வைட்டமின் சி. லைகோபீன் அப்படியில்லை. தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கும் இந்த நிறமி, பழத்தின் செல்களுக்குள் நுண்ணிய படிகங்களாக அடைபட்டுக் கிடக்கிறது. பச்சையாகத் தின்றால் அதில் பெரும்பகுதி குடலைக் கடந்து அப்படியே வெளியே போய்விடும். வெப்பம் பட்டால் செல்சுவர் உடைகிறது. நீளமாக, நேராக இருக்கும் மூலக்கூறுகளில் ஒரு பகுதி வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது. அந்த வளைந்த வடிவம்தான் நம் குடலுக்கு எளிது. அப்புறம், இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கூட ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தால்தான் பித்தநீரோடு கலந்து இரத்தத்துக்குள் போகும்.

1992-இல் ஜெர்மனியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தக்காளிச் சாற்றில் 1 சதவீதம் சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுத்தபோது, குடித்தவர்களின் இரத்தத்தில் லைகோபீன் தெளிவாக உயர்ந்தது. சூடாக்காத சாற்றைக் குடித்தபோது உயரவில்லை. அளவிலும் வித்தியாசம் பெரிது: 100 கிராம் தக்காளியில் சுமார் 3 மில்லிகிராம்தான், நீர் வற்றக் காய்ச்சிய விழுதில் 25 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். தர்பூசணி இதில் விதிவிலக்கு. 100 கிராமில் 4 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, சூடாக்காமலே நன்றாக உடலில் சேர்கிறது. சிவப்புச் சதையுள்ள கொய்யாவிலும் பப்பாளியிலும் லைகோபீன் இருக்கிறது. பீட்ரூட், மாதுளை, ஸ்ட்ராபெரி ஆகியவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. அவை நல்ல உணவுகள்தான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது.

சரி, உடலுக்குள் போய் என்ன செய்கிறது? செல்களைச் சிதைக்கும் ஒருவகை ஆக்சிஜனை அடக்குவதில் லைகோபீன், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைவிட வலிமையானது என்று 1989-இல் ஆய்வகத்தில் கண்டறிந்தார்கள். மனித உடலில் இது கல்லீரல், அட்ரீனல் சுரப்பி, விரை, புராஸ்டேட் ஆகியவற்றில் சேர்கிறது. 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி உணவுகள் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. மாத்திரை வியாபாரம் சூடுபிடிக்க அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஆண்கள் சாப்பிட்டது உணவு, மாத்திரை அல்ல. 2003-இல் எலிகளில் நடந்த ஆய்வில், முழுத் தக்காளிப் பொடி கொடுத்த எலிகள் புராஸ்டேட் புற்றுநோயால் இறப்பது குறைந்தது. லைகோபீனை மட்டும் கொடுத்த எலிகளுக்கு அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. 2005-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சான்றுகளை அலசிப் பார்த்து, லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. பீட்டா கரோட்டின் கதையையும் நான் மறக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994-இல் அந்த முடிவு வெளியானது. லைகோபீனும் அதே கரோட்டினாய்டு என்ற நிறமிக் குடும்பம். அதனால் அதுவும் கெடுதல் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காய்கறியில் நல்லது செய்வது டப்பாவுக்குள்ளும் செய்யும் என்று நம்பி விழுங்க என் மனம் ஒப்பவில்லை.

உணவாகச் சாப்பிடும்போதும் கவனம் வேண்டிய சிலர் உண்டு. சிறுநீரகம் பழுதாகி, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தக்காளி விழுதையும் சாற்றையும் தாங்களாகக் கூட்டக் கூடாது. விழுதில் லைகோபீனோடு சேர்ந்து பொட்டாசியமும் செறிகிறது. அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். "சத்துக்காகக் குடித்தேன்" என்று சாற்றை அளவில்லாமல் குடித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. கடையில் வாங்கும் சாஸில் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள்.

அந்த மனிதரிடம் வெறும் வயிற்றில் தக்காளி வேண்டாம், எண்ணெயில் வதக்கிச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். டப்பா தீர்ந்ததும் அடுத்தது வாங்க வேண்டாம் என்றேன். அப்புறம், நான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியைக் கேட்டேன்: "அப்பாவுக்கு இருந்தது என்று உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பற்றிப் பேசினீர்களா?" இல்லை என்று தலையாட்டினார். மாத்திரை சாப்பிடுகிறோமே, அது போதும் என்று இருந்திருக்கிறார். அன்றைக்கே சிறுநீர்ப்பாதை மருத்துவருக்கு (யூராலஜிஸ்ட்) ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.