வளைவுப் பாலம் மட்டுமே கால்வாய் அல்ல

இன்னொரு கல்லின் படம் வந்திருக்கிறது. விடுமுறைக்குத் தெற்கு பிரான்ஸ் போனவர், போன் து கார் என்ற ரோமானியக் கால்வாய்ப் பாலத்தின் அருகே, காட்டுப்பாதையில் அந்தக் கல்லைப் பொறுக்கினாராம். வரிவரியாக அழகாக இருக்கிறது, என்ன கல் என்று கேட்கிறார். ரோமானியக் கால்வாயில் ஓடிய தண்ணீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு அது. தயவுசெய்து இனி யாரும் அதை எடுக்காதீர்கள்.

"பாலத்திலிருந்து பெயர்க்கவில்லையே, வெளியே சும்மா கிடந்ததுதானே" என்கிறார்கள். குழப்பமே இங்கேதான். ரோமானியக் கால்வாய் என்றதும் கமான் கமானாக நிற்கும் பாலம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. யுசெஸ் ஊருக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து நெமௌசுஸ், அதாவது இன்றைய நீம் நகரம் வரை, 1-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தக் கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் ஓடியது. பாலத்தில் இன்று நிற்கும் மேல்வரிசையின் நீளம் 275 மீட்டர். மற்றதெல்லாம் எங்கே? பெரும்பகுதி மண்ணுக்கு அடியில். பள்ளம் தோண்டி, கல்சுவர் எழுப்பி, வளைவுக் கூரை போட்டு மூடிவிட்டார்கள். ஆற்றையோ பள்ளத்தையோ தாண்ட வேறு வழியில்லாத இடத்தில்தான் பாலம் கட்டினார்கள். பாலம் முடிந்த இடத்தில் கால்வாய் முடிவதில்லை, அழிந்துபோகவும் இல்லை. நீங்கள் குனிந்து கல் பொறுக்கும் இடத்துக்கு நேர் கீழேயே அது இருக்கலாம்.

மண்ணுக்கு அடியில் இருக்கும் கால்வாயைத் தேடி ஆராயும் நாங்கள் அதைக் கண்டுபிடிப்பது மட்டத்தை வைத்து. ஊற்றுக்கும் நகரத்தில் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 12 மீட்டர்தான். அதனால் கால்வாய் சம உயரக் கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது; நேராகப் போனால் 20 கிலோமீட்டர் வரும் தூரம் 50 ஆனது இப்படித்தான். ஓரிடத்தில் கால்வாயின் தளம் கிடைத்தால், அடுத்த துண்டு எந்த உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போடலாம். அப்புறம் அந்த உயரத்திலேயே புதருக்குள் நடந்து பார்க்க வேண்டும். ஓட்டுத்தூள் கலந்த சிவந்த சாந்து, சுவரின் ஒரு நுனி, வரிவரியான படிவு, இவைதான் எங்களுக்குத் தடயம். அதில் ஒன்றைத்தான் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான். சில இடங்களில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. தண்ணீர் எப்படி ஓடியது, பராமரிப்பு எப்போது குறைந்தது என்றெல்லாம் அந்த வரிகளிலிருந்து படிக்க முடியும். ஆனால் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். இடைக்காலத்தில் ஊர்க்காரர்கள் இதைப் பாளம் பாளமாக வெட்டிக் கட்டடங்களுக்கு வைத்தார்கள். சேன்-பொனே-து-கார் ஊர்ச் சர்ச்சின் சுவரில் இன்றும் பார்க்கலாம். அதாவது எங்கே போனது என்றாவது தெரிகிறது. வரவேற்பறை அலமாரிக்குப் போனது யாருக்கும் தெரியாது.

கால்வாயைக் காக்கும் கவலை ரோமானியர்களுக்கே இருந்தது. கி.பி. 97-இல் ரோம் நகரின் நீர் நிர்வாகத்தை ஏற்ற ஃபிரான்டினஸ், மரவேர்கள் கூரையையும் சுவரையும் பிளப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊற்று, கமான், சுவர் எதுவானாலும் இருபுறமும் 15 அடி காலியாக விட வேண்டும் என்ற ஆணையையும் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

சரி, போகிறவர்கள் கவனிக்க: போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். செர்னாக் ஊர்ச் சுரங்கங்களின் பாறையில் பிக்காசுத் தடங்கள் இன்னும் தெரிகின்றன. அங்கே பெயர் கீறாதீர்கள். உலோகம் தேடும் கருவியோடு தொல்பொருள் தேடுவதற்கு பிரான்சில் அரசு அனுமதி வேண்டும். அங்கேயே வீடு நிலம் வைத்திருப்பவர்கள், நீச்சல் குளத்துக்குத் தோண்டும்போது பழைய சுவர் தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு மேயர் அலுவலகத்தில் சொல்லுங்கள். அது சட்டப்படியான கடமை.

ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டீர்களா? தூக்கி எறியாதீர்கள். நீங்களாகவே கொண்டுபோய்க் காட்டில் போட்டுவிடவும் வேண்டாம். எடுத்த இடம் நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, எடுத்த அன்று பிடித்த படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து, அந்தப் பகுதித் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கல்லை என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள்.